கழித்தால் மூன்று ஸ்பூன்

என் மருந்துக்கடை வாசலில் ஆள் எடை பார்க்கும் மெஷின் ஒன்று கிடக்கிறது. ஒரே நாளில் அதில் நான்கு தடவை ஏறி இறங்கிய ஒரே மனிதர் அவர்தான். காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு ஒருமுறை ஏறுவார், தூக்கைக் கீழே வைத்துவிட்டு ஒருமுறை ஏறுவார். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் காலித் தூக்கோடு வந்து இன்னொரு முறை, அது இல்லாமல் மறுபடி ஒருமுறை.

"ஒடம்புல ஏறுனது அறநூறு கிராம். தூக்குல கொறஞ்சது எழுநூறு. நூறு கிராம் எங்க போச்சு தம்பி?"

"ஏப்பம் விட்டீங்கல்ல, அதுல போயிருக்கும்" என்றேன். எனக்குப் பொறுமை குறைவு. இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவர் சிரிக்கவில்லை. இருக்கலாம் என்பது போலத் தலையாட்டிக்கொண்டு போனார்.

அரியலூருக்கு வெளியே, சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற சாலையில், என் கடைக்கு நேர் எதிரே ஓர் எடைமேடை இருந்தது. அவர் அங்கே எடை போடுகிறவர். எங்களுக்கெல்லாம் 'வேபிரிட்ஜ் அண்ணன்'. சொந்த ஊர் வரதராஜன்பேட்டை. எடைமேடைக்குப் பின்னாலேயே வாடகை வீட்டில் அவரும் மனைவியும் இருந்தார்கள். காலி லாரி வந்து மேடையில் ஏறும், எடை போடுவார். அதே லாரி கல் ஏற்றிக்கொண்டு திரும்பி வரும், மறுபடி போடுவார். இதிலிருந்து அதைக் கழித்தால் கல்லின் எடை. கம்ப்யூட்டரே கழித்துச் சீட்டு அடித்துக் கொடுத்துவிடும். ஆனால் சீட்டு வெளியே வருவதற்குள் இவர் வாயால் சொல்லிவிடுவார். அந்த மெஷினை ஒருநாள்கூட முந்தவிட்டதில்லை.

இருபது வருடம் இதையே செய்ததில் உலகத்தில் எதைப் பார்த்தாலும் அவருக்குக் கழித்துப் பார்க்கத் தோன்றியது. அந்தக் கழித்தல்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் கடைக்கு எதிரிலேயே அவர் உயிரை வாங்கப் பார்த்தது. அதற்கு நானும் கொஞ்சம் ஒத்தாசை செய்தேன். இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

அவர் மனைவியை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணிக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒருநாள் காலையில் வீட்டுக்குள்ளிருந்து அவர் போட்ட சத்தம், நடுவில் இரண்டு லாரி ஹாரன் அடித்தும் என் கடை வரைக்கும் கேட்டது. மத்தியானம் இவர் வந்து நின்றபோது முகம் தெளிவாக இருந்தது.

"என்னண்ணே, சமாதானமா?"

"காலைல அர மணி நேரம் திட்டுனா. மத்தியானம் கருவாட்டுக் கொழம்பு வச்சா. கழிச்சுப் பாரு, நமக்குத்தான் மிச்சம்."

கோபத்தைக்கூட அவரால் முழுசாக வைத்துக்கொள்ள முடியாது. யாராவது ஏதாவது சொல்லிவிட்டால், அந்த ஆள் எப்போதோ பஸ்ஸில் இடம் பிடித்துக் கொடுத்ததைத் தேடிப் பிடித்துக் கழித்துவிடுவார். இந்தக் குணத்தைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். எனக்கு வருகிற கோபத்தில் ஒரு கிராம்கூடக் குறைவதில்லை.

சிக்கல் என்னவென்றால், அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. மாத்திரையில் அடங்காமல் ஊசிக்கு வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. காலையில் இருபது யூனிட், ராத்திரி சாப்பாட்டுக்கு முன் பதினாலு யூனிட் இன்சுலின், இரண்டையும் தானே போட்டுக்கொள்வார். அந்த ஊசி அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கழிப்பதற்கென்றே ஒருவர் கையில் கருவி கொடுத்தது போல ஆயிற்று.

கங்கைகொண்ட சோழபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பந்தியில் ஜாங்கிரி வைத்தார்கள். அண்ணி பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த தைரியத்தில் இரண்டைத் தின்றுவிட்டார். தின்றதைக் கழிக்க வேண்டுமே? நேரே பெரிய கோயிலுக்குப் போய், உச்சி வெயிலில், செருப்பில்லாமல், கல் தரையில் பிராகாரத்தைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். வெளியூரிலிருந்து வந்தவர்களெல்லாம் அங்கே போட்டிருந்த சாக்கு விரிப்பில் குதித்துக் குதித்து ஓடிக்கொண்டிருக்க, இவர் மட்டும் அமைதியாக ஏழு சுற்று வந்தாராம். பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள். சர்க்கரையில் பாதம் மரத்துப்போய்ச் சூடே உறைக்கவில்லை. மறுநாள் இரண்டு காலிலும் கொப்புளத்தோடு, அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தார்.

"நல்லா கேளுங்க தம்பி. ரெண்டு ஜாங்கிரிக்கு ரெண்டு காலக் குடுத்துட்டு வந்து நிக்கிறாரு உங்கண்ணன்!"

"சர்க்கர ஏறலல்ல?" என்றார் அவர்.

"வாய மூடுங்க" என்று நானும் அண்ணியும் ஒரே நேரத்தில் சொன்னோம். அந்தப் புண் ஆற ஆறு வாரம் ஆனது.

அடுத்த சிக்கல், சனிக்கிழமை. வாரத்தில் ஒருநாள், சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும், வீட்டிலேயே உட்கார்ந்து ஒரு குவாட்டர் குடிப்பார். கூட ஒரு சொட்டு கிடையாது. இருமல் மருந்துப் புட்டியோடு வருகிற அளவுமூடி ஒன்றை என்னிடம் கேட்டு வாங்கிப் போய், அதில் அளந்து ஊற்றினார். அதை அண்ணி என்னிடம் சொன்னபோது, இருமலுக்குத்தான் கேட்கிறார் என்று நம்பிய என் புத்தியை நானே நொந்துகொண்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். குடித்துவிட்டு ஒருநாளும் எடைமேடையில் ஏறியதில்லை. அதில் அவருக்குப் பெருமை உண்டு. முதலாளியும் அதில் கறார். குடித்துவிட்டு வந்தால் அன்றோடு கணக்கு முடிந்தது. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் லாரிக்காரர்கள் அவர் வீட்டு வாசலில் நின்று சும்மா சீண்டுவார்கள். "அண்ணே, நாப்பத்தொண்ணு அறநூறு, காலி பதிமூணு எழுநூத்தம்பது!" என்று ஒருவன் கத்துவான். நாக்கு குழறும், கண் சொருகியிருக்கும், ஆனாலும் "இருவத்தேழு எண்ணூத்தம்பது" என்று வந்து விழும். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். போதையில் அவர் கால் தடுமாறியதுண்டு, கழித்தல் தடுமாறியதில்லை.

குடிக்க ஆரம்பித்த காலத்தில் சரக்கில் கலர் சோடா ஊற்றிக் குடிப்பார், கூடவே மிக்சரும் வாழைக்காய் பஜ்ஜியும். ஒரு சனிக்கிழமை ஏழு மணி வாக்கில் கடைக்கு வந்து விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தார். இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு.

"பாத்தியா தம்பி, சரக்கு சர்க்கரைய என்னமா ஏத்துது!"

ஏற்றியது சரக்கில்லை, கலரும் பஜ்ஜியும். அதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். கூட்டம் நின்றது. "குடிக்காதீங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தேன்.

"அதுக்கு நான் ஒரு வழி வச்சிருக்கேன்" என்றார். என்ன வழி என்று நான் கேட்கவில்லை. சனிக்கிழமை மட்டும் பதினாலு யூனிட்டோடு ஆறு யூனிட் கூட்டிப் போட்டுக்கொள்வது, அதுதான் அவர் வழி. ஏறுவதற்கு ஈடாக இறக்கிவிடுகிறாராம்.

சில மாதம் கழித்து அவராகவே வந்து கேட்டார், குடியில் எதைக் குறைத்தால் நல்லது என்று. அன்றைக்கும் கடையில் கூட்டம்தான். "குடியத்தான் கொறைக்கணும். முடியலன்னா அந்தக் கலரையும் பஜ்ஜியையுமாவது விட்டுத் தொலைங்க" என்றேன். மருந்துக்கடைக்காரன் சொன்னதை அப்படியே கேட்கிற ஆட்கள் குறைவு. இவர் கேட்டார். கலர் போய்த் தண்ணீர் வந்தது. பஜ்ஜி போய் வெள்ளரிக்காய் வந்தது. அதற்கு மேல் தானாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். வயிற்றில்தான் ஏற்கெனவே லோடு இருக்கிறதே என்று சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டையும் கழித்துவிட்டார். ஆறு யூனிட்டை மட்டும் விடவில்லை. அண்ணிக்கு அந்த ஆறு யூனிட் தெரியாது. எனக்கும் தெரியாது. லாரியே ஏறாத மேடையில் அவர் பாட்டுக்குக் கழித்துக்கொண்டிருந்தார்.

நான்கைந்து வாரம் எப்படியோ தப்பித்தார். காலையில் வேர்க்குது, கை நடுங்குது என்றால் அண்ணி வெயில் என்றும் வயசு என்றும் சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி அதிகாலையிலேயே ஊருக்குப் பஸ் ஏறியிருந்தார். நான் எட்டரை மணிக்குக் கடை ஷட்டரைத் தூக்கும்போது எதிரே ஒரே ஹாரன் சத்தம். எடைமேடைக்கு நடுவில் இவர் நிற்கிறார். சட்டைப் பொத்தான் ஏறுக்குமாறாகப் போட்டிருக்கிறது. முகமெல்லாம் வேர்வை. கல் ஏற்றிய லாரி ஒன்று அவருக்கு முன்னால் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்க, லாரியைப் பார்த்து, "நீ எறங்குடா மொதல்ல, நாந்தான் மொதல்ல ஏறுனேன்" என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். கெட்ட வார்த்தை வேறு. அவர் வாயில் நான் கெட்ட வார்த்தை கேட்டதே கிடையாது.

"காலங்காத்தால போட்டுட்டு வந்திருக்காருப்பா" என்றான் டிரைவர்.

சாலையைக் கடந்து போனேன். பக்கத்தில் நேற்றைய சரக்கு வாடை லேசாக வீசியது. எனக்கு அது போதும். "வெக்கமா இல்ல? குடிகாரா, இதுக்குத்தான் அன்னிக்கே தலதலயா அடிச்சுக்கிட்டேன்" என்று ஆரம்பித்தேன். இத்தனை வருடம் அண்ணே என்று கூப்பிட்ட மனிதரை, இருபது பேருக்கு முன்னால் குடிகாரா என்று மூன்று தடவை சொன்னேன். எண்ணிக்கை நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஏன் என்பது பின்னால் வரும்.

டீக்கடை அக்கா நல்ல மனசோடு ஓடி வந்தார். எங்கள் பக்கத்தில் போதை இறங்க எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து உப்புப் போட்டுக் கொடுப்பார்கள். அக்காவும் அப்படியே ஒரு கிளாஸ் கொண்டு வந்து அவர் வாயில் வைத்தார். அவர் ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் துப்பினார். டிரைவர் ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்து அவர் தலையில் கவிழ்த்தான். "மொதலாளிக்குப் போன் போடவா?" என்று ஒருவர் கேட்டார்.

"போடுங்க. வந்து பாக்கட்டும்" என்றேன் நான்.

டிரைவருக்கு அவசரம். அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்து உள்ளே நாற்காலியில் உட்கார வைத்து, லாரியை மேடையில் ஏற்றிவிட்டு வந்து, "அண்ணே, நெட்டு எவ்ளோன்னு சொல்லிச் சீட்டக் குடுத்துடுண்ணே, நான் போயிடுறேன்" என்றான். எதிரே சிவப்பு எழுத்தில் முப்பத்தைந்து டன் நானூறு கிலோ என்று எரிந்தது. காலி எடைச் சீட்டு மேஜையில் இருந்தது. பன்னிரண்டு டன் நூற்றைம்பது.

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முப்பத்தஞ்சு நானூறு... அதுல பன்னெண்டு போனா... பன்னெண்டு போனா..."

உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. என் பக்கம் திரும்பினார். கண்ணில் போதை இல்லை. பயம் இருந்தது.

"தம்பி, போனா என்ன வரும்?"

இந்த மனிதர் முழு குவாட்டர் உள்ளே போன பிறகும் இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்டதில்லை. குடி இவரிடமிருந்து பிடுங்க முடியாததை வேறு ஏதோ பிடுங்கிக்கொண்டிருந்தது. அது எது என்று இன்சுலின் விற்கிற எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

கடைக்கு ஓடிப் போய்ச் சர்க்கரை பார்க்கும் மெஷினை எடுத்துவந்து அவர் விரலைக் குத்தினேன். நாற்பத்தொன்று. சாதாரணமாக எண்பது, நூறு இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தொன்று! முந்தைய ராத்திரி சரக்கு, கூடுதலாக ஆறு யூனிட், வெறும் வயிறு. காலையில் வழக்கமான இருபது யூனிட்டையும் போட்டுக்கொண்டு, முதல் லாரி போனதும் டீக்கடையில் இட்லி தின்னலாம் என்று வந்திருக்கிறார். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

"சக்கர! அக்கா, சக்கர கொண்டாங்க! உப்ப அந்தாண்ட வைங்க!"

டீக்கடை டப்பா அப்படியே வந்தது. பேச்சு கொடுத்து, விழுங்க முடிகிறதா என்று பார்த்துக்கொண்டு, ஒரு கிளாஸ் தண்ணீரில் ஆறு ஸ்பூன் சர்க்கரை கரைத்து வாய் வாயாகக் கொடுத்தேன். அவசரத்தில் கால் கிளாஸ் அவர் சட்டையில் கொட்டிற்று. மயங்கியிருந்தால் வாயில் ஊற்றியிருக்கவும் முடியாது, ஆம்புலன்ஸுக்குத்தான் காத்திருக்க வேண்டும். இன்னும் பத்து நிமிஷம் நான் திட்டிக்கொண்டே நின்றிருந்தால் அதுதான் நடந்திருக்கும்.

கால் மணி நேரம் காத்திருந்தோம். பின்னால் வந்து நின்ற லாரிக்காரர்கள்கூட ஹாரன் அடிக்கவில்லை. மறுபடி குத்திப் பார்த்தேன். எழுபத்தெட்டு. வேர்வை அடங்கியிருந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதிரே இருந்த சிவப்பு எழுத்தைப் பார்த்தார்.

"இருவத்திமூணு எரநூத்தம்பது" என்றார்.

டிரைவர் பட்டனை அமுக்கினான். சீட்டு வந்தது. இருபத்திமூன்று இருநூற்றைம்பது. கூடி நின்றவர்கள் தேர்தலில் ஜெயித்தது போல விசில் அடித்தார்கள். நான் கடைக்குள் போய், அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் நின்று அழுதேன்.

முதலாளி வந்து சேர்ந்தபோது அவர் நான்காவது இட்லியில் இருந்தார். குடித்துவிட்டு வந்ததாகப் போனில் கேள்விப்பட்டேனே என்று முதலாளி இழுத்தார். "எவன் சொன்னது?" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் இரண்டடி பின்னால் போனார். சொல்லச் சொன்னதே நான்தான் என்பதை அங்கே யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. எங்கள் சாலை நல்ல சாலை.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டரம்மா அரை மணி நேரம் எடுத்துச் சொன்னதை, திரும்பி வந்து எனக்கு விளக்கினார்.

"கல்லீரல்ல டூட்டிக்கு ஒரே ஆளுதான் தம்பி, என்னய மாதிரி. சர்க்கர கொறஞ்சா ஸ்டோர்லேருந்து எடுத்து உடுறது அவன் வேல. சரக்கு உள்ள போனா, அத எறக்குறதுக்கு அவன் போயிடுறான். மறுநா வரைக்கும்கூட இந்தப் பக்கம் ஆள் கெடையாது. இங்க லாரி நிக்கிது, உள்ள ஆள் இல்ல. அந்த நேரம் பாத்து நான் ஊசியக் கூட்டிப் போட்டிருக்கேன்."

இருபத்தைந்து வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இதை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

குடிக்காமல் இருப்பதுதான் நல்லது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவர் பாதி கேட்டார். வாரம் ஒருநாள், மாதம் ஒருநாளாகக் குறைந்தது, குவாட்டர் பாதியானது. சாப்பிடாமல் குடிப்பதில்லை, குடிக்கு என்று ஊசியைக் கூட்டுவதில்லை, படுக்கும் முன்னும் விடிந்ததும் விரலைக் குத்திப் பார்க்காமல் விடுவதில்லை. குடிக்கிற அன்றைக்கு அண்ணி ஊருக்குப் போவதில்லை. போதையும் சர்க்கரை இறங்குவதும் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் என்று டாக்டரம்மா சொன்னதை அண்ணி கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அட்டை ஒன்றை வெட்டி, பட்டையாக எழுதி, அவர் சட்டைப் பையில் வைத்தார்: "இவர் குடிக்கவில்லை. சர்க்கரை கொடுங்கள்."

அவர் அதை என் கடைக்குக் கொண்டு வந்து பேனா கேட்டார்.

"மாசத்துல ஒரு நா இது பொய்யாயிடுதுல்ல தம்பி. எழுதுனா எப்பவும் செல்லணும்."

இரண்டு பேருமாக யோசித்துத் திருத்தினோம். "இவர் குடித்திருந்தாலும் சரி, குடிக்காவிட்டாலும் சரி, முதலில் சர்க்கரை கொடுங்கள்." அண்ணி படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் அட்டையை மாற்றவில்லை.

பேனாவைத் திருப்பிக் கொடுத்த அந்த நேரத்தில்தான் சொல்லிவிட்டேன். "அண்ணே, அன்னிக்கு உங்களக் குடிகாரன்னு சொல்லிட்டேன். அத்தன பேருக்கு முன்னாடி. மனசே சரியில்லண்ணே."

"எத்தன தடவ சொன்ன?"

"மூணு."

"சக்கர எத்தன ஸ்பூன் போட்ட?"

"ஆறு."

அவர் கண்ணை மூடவில்லை, விரலை மடக்கவில்லை. "கழிச்சா மூணு ஸ்பூன் மிச்சம். அதுலதான் இப்ப உக்காந்து ஒங்கிட்ட பேசிக்கிட்டு இருக்கேன்" என்றார். சொல்லிவிட்டு எடை மெஷினில் ஏறி நின்று, அட்டையோடு எவ்வளவு என்று பார்த்தார்.

அவர் வேலையை விட்டுப் பெரம்பலூரில் மகள் வீட்டோடு போய்ப் பல வருடம் ஆகிறது. இப்போதும் என் கடைக்கு முன்னால் யாராவது தள்ளாடிக்கொண்டு போனால், விரல் குத்தும் மெஷினும் சர்க்கரையுமாக இறங்கி ஓடுகிறேன். பெரும்பாலும் அது வெறும் குடிதான். ஒருவன் சர்க்கரைத் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, இன்னொரு கிளாஸ் கிடைக்குமா, எலுமிச்சம்பழம் பிழிந்தால் நன்றாக இருக்கும் என்றான். அவனை ஒரு பிடி பிடித்தேன். எனக்குக் கோபம் குறையவே இல்லை. ஆனால் கிளாஸ் காலியாகிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.